மேற்படிப்பும் தொண்டும் ஒரே சீட்டில் கிடைக்குமா?

கேள்வி: மேடம், எனக்கு 23 வயது. சொந்த ஊர் கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்றாண்டு பி.எஸ்சி. (தாவரவியல், விலங்கியல், வேதியியல்) முடித்துவிட்டு பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற மரங்களைச் சுற்றிக் கோடு போடுவதுதான் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் மரமாவது பார்ப்பேன், ஒன்றையும் தொட்டதில்லை. வெளிநாட்டில் வனவியல் மேற்படிப்பு சேர்ந்து, நடுவில் இரண்டு வருடம் ஆப்பிரிக்கக் கிராமத்தில் தொண்டு செய்து, அதையே ஆய்வேடாக எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று கல்லூரி சீனியர் ஒருவர் சொன்னார். அதில் எப்படிச் சேர்வது? இன்னொன்று, 12 வாரம் ஆப்பிரிக்காவில் மரம் நட அனுப்புகிறோம், சான்றிதழ் அட்மிஷனுக்கு உதவும் என்று ஒரு ஏஜென்சி 1,80,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? அப்பாவோ, "மரம் நட வெளிநாடு போகணுமா?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: வணக்கம்மா.

பண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதற்குத்தான் கெடு வைத்திருப்பார்கள். கட்டாதீர்கள். ஒழுங்கான தொண்டுத் திட்டம் என்றால் போகிறவருக்குச் சாப்பாட்டுக்கும் தங்கவும் ஏதோ ஒரு படி கொடுக்கும். போகிறவரிடம் லட்சக்கணக்கில் வாங்கினால் அது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை, சுற்றுலா என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

மனசு கேட்கவில்லை என்றால் அந்த ஏஜென்சிக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். எந்த மாதம் அனுப்புவீர்கள்? எந்த விசா? நட்ட கன்றை அடுத்த கோடையில் யார் பார்த்துக்கொள்வார்கள்? உதாரணத்துக்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை நவம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். நடவெல்லாம் டிசம்பர், ஜனவரியில்தான். "உங்களுக்கு வசதியான மாதம் சொல்லுங்க மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். ஜூலையில் நட்ட கன்று ஆகஸ்டில் அடுப்பெரிக்கக்கூட ஆகாது. விசா கேள்வியும் சாதாரணமில்லை. சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலை செய்வதைப் பல நாடுகள் ஒப்புக்கொள்வதில்லை. மாட்டிக்கொண்டால், பின்னால் மாணவர் விசாவுக்கு நிற்கும்போது அது உங்கள் தலையில்தான் விடியும்.

சான்றிதழா? மாணவர் தேர்வுக் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாதிரித் தாளை யாரும் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

சரி, சீனியர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பொய்யில்லை, பழசு. அமெரிக்காவில் பீஸ் கோர் என்று ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. 1961இல் கென்னடி காலத்தில் ஆரம்பித்தது. 3 மாதம் பயிற்சி, 2 வருடம் வேலை என்று மொத்தம் 27 மாதம் தங்கள் ஆட்களை வெளிநாட்டுக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். 1976 வரை இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்த உயரமான வெள்ளைக்காரப் பையன்களைப் பற்றி வயதானவர்கள் யாராவது இன்னும் கதை சொல்வார்கள். இந்த அமைப்பும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 1987இல் "மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்" என்று ஒரு ஏற்பாடு தொடங்கின. ஒரு வருடம் போல வகுப்பு, அப்புறம் 27 மாதம் கிராமம், திரும்பி வந்து ஆய்வேடு. வனவியலில் இதை நடத்திய இடங்களில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகம் ஒன்று. 2016இல் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டார்கள். நடந்துகொண்டிருந்தபோதும் உங்களுக்கோ எனக்கோ அதில் இடமில்லை, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் பீஸ் கோர். ஜப்பான் அரசு அனுப்பும் தொண்டர்களும் அப்படித்தான், ஜப்பானியர்கள் மட்டும். ஒரு நாடு தன் வரிப்பணத்தில் ஆள் அனுப்புகிறது என்றால் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கும்.

நமக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல் ஐ.நா. தொண்டர் திட்டம். தலைமையகம் ஜெர்மனியில், பான் நகரத்தில். 18 வயதிலிருந்து 26 வரை இளைஞர் பிரிவு, 27க்கு மேல் போனால் அனுபவசாலிகளுக்கான பிரிவு. மாதாமாதம் வாழ்க்கைப்படி உண்டு, விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது. உள்நாட்டிலேயே வேலை செய்யும் பணியிடங்களும் வரும். ஆனால் ஒன்று, காடு சம்பந்தப்பட்ட இடம் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் "களத்தில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் இளைஞர் பிரிவில் இடம் இருக்கிறது. இன்றைக்கே பதிவு செய்து வைத்துவிடுங்கள், ஆனால் அதையே நம்பிக் கம்பெனியில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பழைய அமெரிக்க ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. படிப்பு, கிராமம், மறுபடி படிப்பு. அந்த வரிசையை நீங்களே கட்டிக்கொள்ளலாம், எந்த நாட்டுக் குடியுரிமையும் வேண்டாம். உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் மாற்றி: முதலில் களம், அப்புறம் பட்டம், வெளிநாட்டுக் கிராமம் அதற்கும் பிறகு. ஏன் இந்த வரிசை என்றால், நான் தலைகீழாகப் போய்ப் பட்டவள்.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்துவிட்டு, உதவித்தொகையில் ஐரோப்பாவில் முதுகலை முடித்து, நேரே மலாவியில் ஒரு திட்டத்தில் போய் இறங்கினேன். 27 வயது. பாலித்தீன் பையில் 3,000 நாற்று தயார். ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவர், வீட்டு வாசலில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தவர் (ந்சீமா என்பார்கள், வெள்ளையாக இருக்கும், மற்றபடி நம் ராகிக் களிக்கு அக்கா), என் நாற்றுகளைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் என்னை அவருடைய சோளக்கொல்லைக்கு நடத்திக்கொண்டு போனார்.

கொல்லைக்கு நடுவில் பெரிய முள்மரம் ஒன்று. ம்சாங்கு என்பது அங்கே அதன் பெயர். நம் வேல மரத்துக்குச் சொந்தக்கார மரம். நல்ல மழைக்காலம், சுற்றிலும் எல்லாம் பச்சை, இது மட்டும் மொட்டையாக நின்றது. செத்த மரம் என்றே நினைத்தேன். அதன் கீழே இருந்த சோளம் மட்டும் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. இந்த மரம் மழை ஆரம்பிக்கும்போது இலையை உதிர்த்துவிட்டு, வெயில் காலத்தில் துளிர்க்கும். ஆகவே பயிருக்கு நிழல் கட்டாது, உதிர்ந்த இலை எருவாகும், வெயிலில் ஆட்டுக்கு நிழலும் காயும் கிடைக்கும். பாடப் புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நேரில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை!

அப்புறம் அவர் குனிந்து சோளத்தின் ஓரத்தில் களையை விலக்கிக் காட்டினார். முழங்கால் உயரத்துக்கு அதே மரத்தின் கன்றுகள் ஏழெட்டு, தானாக முளைத்தவை. என் 3,000 பைகளுக்கு அந்த ஊரில் வேலையே இல்லை, இருக்கிற கன்றை ஆடு கடிக்காமல் காப்பதுதான் வேலை. நைஜர் நாட்டில் 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் இதே பாடத்தைத்தான் கற்றுக்கொண்டார். நட்ட கன்றெல்லாம் பட்டுப்போன பிறகு, வெட்டுப்பட்ட தூர்களில் வரும் துளிரில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழிக்க உழவர்களோடு சேர்ந்து ஆரம்பித்தார். பிற்பாடு அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பி வந்தது. 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள்.

நான் முதலில் இங்கே ஏதாவது ஒரு கிராமத்தில் இரண்டு வருடம் குப்பை கொட்டியிருந்தால், அந்த அம்மாவிடம் பைகளைக் காட்டுவதற்கு முன்னால் கொல்லையைக் காட்டச் சொல்லியிருப்பேன்.

உங்கள் வேலையை நீங்கள் அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பொறாமையாக இருந்தது. மேலிருந்து மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைய, கீழே இருந்து பார்க்கத் தெரிந்தவர்களும் நிறைய, இரண்டும் தெரிந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. படத்தில் நீங்கள் "மரம்" என்று வளைத்தது உண்மையில் என்ன என்று தரையில் போய்ப் பார்ப்பதை எங்கள் தொழிலில் தரைச் சரிபார்ப்பு என்போம். ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் செய்யுங்கள். கோலார் மாவட்டம் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. ஸ்ரீனிவாசபுரம் பக்கம் முழுக்க மாந்தோப்பு. மேலிருந்து பார்த்தால் பொட்டுப் பொட்டாக வரிசை பிடித்து நிற்கும். மாவட்டம் பூராவும் தைல மரம். (கன்னடத்தில் அதற்கு நீலகிரி என்றே பெயர், ஆகவே அங்கே போய் "நீலகிரி எங்கே?" என்று கேட்டால் ஊட்டிக்கு வழி சொல்ல மாட்டார்கள், பக்கத்துத் தோப்பைக் காட்டுவார்கள்.) நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற புகார் முற்றி, 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை போட்டது. அப்படியானால் வெட்டிய தோப்புகளில் இப்போது என்ன இருக்கிறது? மறுதளிர்ப்பா, மாவா, சில்வர் ஓக்கா, வீட்டுமனையா? இலவசமாகக் கிடைக்கும் படங்களில் 40 இடம் குறித்துக்கொண்டு, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி (அதுவும் இலவசம்), ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். உழவரிடம் ஏன் என்று கேளுங்கள். உங்களுக்குத் தமிழ், கன்னடம், கொஞ்சம் தெலுங்கும் வருமே, தங்கவயல் பிள்ளைக்கு அது வராமல் இருக்காது. பெங்களூரில் பிஎச்.டி. செய்கிற பாதிப்பேருக்கு அந்த வசதி கிடையாது.

கூடவே அளக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். மார்பு உயரத்தில் மரத்தின் சுற்றளவு எடுப்பதுதான் எங்கள் அரிச்சுவடி. இந்தியாவில் அந்த உயரம் 1.37 மீட்டர், ஐரோப்பாவில் 1.30. மேட்டுப்பாளையத்தில் 1.37இல் கோடு போட்ட என் குச்சியை ஆசையாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஐரோப்பா போனேன். அங்கே அந்தக் குச்சியை வைத்தே 400 மரம் அளந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் குச்சியை ஒரு பார்வை பார்த்தார், தன் டேப்பை எடுத்து அதன் மேல் வைத்தார். நவம்பர் குளிரில் 400 மரத்தையும் மறுபடி அளந்தேன். ஆகவே நோட்டில் முதல் வரியாக எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும், கொடி சுற்றியிருந்தால் டேப்பைக் கொடிக்கு அடியில் கொடுத்து இழுக்க வேண்டும். இதெல்லாம் பழகினால்தான் வரும்.

பழக இடமா இல்லை? முதுமலையில் 50 ஹெக்டேர் ஆய்வுத் திடல் ஒன்று இருக்கிறது. 1988இல் இந்திய அறிவியல் கழகத்தில் ராமன் சுகுமார் குழு தொடங்கியது. 1 செ.மீ. விட்டம் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி இன்றுவரை பின்தொடர்கிறார்கள். இந்த மாதிரி வேலைகளுக்குக் கள உதவியாளர் எடுப்பார்கள். சம்பளம் உங்கள் கம்பெனியை விடக் குறையும், அட்டை கடிக்கும். பெங்களூரிலேயே ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகளோடு பல வருடம் வேலை செய்தவர்கள். மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் மர அறிவியல் நிறுவனம். வேலையை விட முடியாது என்றால் சீசன்வாட்ச் திட்டத்தில் பெயர் கொடுத்து, உங்கள் பி.ஜி. வாசலில் இருக்கிற ஒரு புங்க மரத்தை வாரம் ஒரு முறை பார்த்துத் துளிர், பூ, காய் பதிவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை. ஆரோவில் பக்கத்தில் சாதனா ஃபாரஸ்ட் என்ற இடத்தில் 2003 முதல் வறண்ட பசுமைமாறாக் காட்டை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலகம் பூராவிலிருந்தும் பிள்ளைகள் விமானம் ஏறி அங்கே தொண்டு செய்ய வருகிறார்கள், நீங்கள் பஸ்ஸில் போய்விடலாம். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி பட்டப் படிப்பு. உங்கள் பி.எஸ்சி. மூன்று வருடம் என்பதை மறக்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்கும். ஐரோப்பாவில் இளங்கலையே பெரும்பாலும் மூன்று வருடம்தான், ஆகவே அந்தப் பக்கம் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, இரண்டு வருடம், குறைந்தது இரண்டு நாட்டில் படிப்பு. ஃபின்லாந்தில் யோயன்சூவை மையமாகக் கொண்ட ஐரோப்பிய வனவியல் படிப்பு இந்த வழியில் வளர்ந்ததுதான். வெப்பமண்டலக் காடு வேண்டும் என்றால் பிரஸ்ஸல்ஸை மையமாகக் கொண்ட டிராபிமுண்டோ என்ற படிப்பு. ஒவ்வோர் ஆண்டும் எது திறந்திருக்கிறது என்று அக்டோபரில் பாருங்கள், பெரும்பாலும் ஜனவரி வாக்கில் மூடிவிடுவார்கள்.

எனக்குக் கேட்டால் உங்களுக்குப் பொருத்தம் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல வனவியல் படிப்பு. வகுப்பு நடப்பது தாராண்ட் என்ற சின்ன ஊரில். 1811இல் ஹைன்ரிஷ் கோட்டா வனப்பள்ளி கொண்டுவந்த ஊர் அது. ஜெர்மன் அரசின் டாட் (DAAD) உதவித்தொகையில் வளரும் நாட்டவருக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதற்குக் குறைந்தது இரண்டு வருடப் பணி அனுபவம் வேண்டும், பட்டம் வாங்கி ஆறு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. பாருங்கள், களத்தில் இரண்டு வருடம் என்று நான் சொன்னதை அவர்களே நிபந்தனையாகப் போட்டிருக்கிறார்கள். உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனி போவதென்றால் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ முடக்குக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். கடன் வாங்கி அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. வனவியல் சம்பளம் அந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்காது.

உள்நாட்டையும் விட்டுவிட வேண்டாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.எஸ்சி. வனவியலுக்கு உங்கள் மூன்று வருடப் பட்டம் போதும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள், இடம் கொஞ்சம்தான். நான் படித்த மேட்டுப்பாளையத்தில் மட்டும் கதவு சாத்தியிருக்கும், அங்கே எம்.எஸ்சி.க்கு வனவியல், வேளாண்மை மாதிரியான தொழிற்பட்டம் வேண்டும்.

ஒரு கிளைக்கதை சொல்லிவிடுகிறேன், அப்பாவிடம் பேச உதவும். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ, இளைஞராக இருந்தபோது வனவியல் கற்க ஐரோப்பாவுக்கு வந்தார். பான் நகரத்தில் ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டுத்தான் எங்கே படிப்பது என்று முடிவு செய்தார். அந்தப் பெரியவர் டீட்ரிஷ் பிராண்டிஸ். பர்மாத் தேக்குக் காடுகளில் வேலை செய்துவிட்டு, 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானவர். அதாவது அமெரிக்கர்களின் வனவியலில் நம் பக்கத்துக் காட்டுப் பாடமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

"மரம் நட வெளிநாடு போகணுமா?" என்றால், வேண்டாம். அப்பா சொல்வது சரி, அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். வெளிநாடு போவது அளக்கவும் கணக்குப் போடவும், மற்ற ஊரில் எங்கே சறுக்கினார்கள் என்று பார்க்கவும். அதைச் சொன்னால் அவருக்குப் புரியும் என்றே நினைக்கிறேன். அப்படியே அவரிடம் இரண்டு கேள்வியும் கேட்டுவிடுங்கள். தாத்தா காலத்தில் சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம் எங்கிருந்து வந்தது? 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு, காற்றடித்தால் புழுதி பறக்கிற அந்த சயனைடு மேட்டின் (தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்) ஓரங்களில் தானாக முளைத்து நிற்பது என்னென்ன செடி? அவருக்குத் தெரியாவிட்டால் தெருவில் யாருக்காவது தெரிந்திருக்கும். தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். டாட் விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியை அங்கிருந்து ஆரம்பிக்கலாம், வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.